கதைக்காத ஆளைத் திரையில் எப்படிப் பார்க்க வைப்பது?

ஹட்டன் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நண்பர்களோடு சேர்ந்து வரைந்த 64 பக்கப் படக்கதையை எட்டு எபிசோட் தொடராக எடுக்கிறார்களாம். கதையின் ஆள் பகலில் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவன், அதாவது செடியின் கொப்புகளைக் கத்தியால் வெட்டிக் குறைக்கிறவன். இரவில் வட்டிக்காரனிடமும், வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டும் புரோக்கரிடமும் போய், ஏமாந்தவர்களின் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு வருவான். பாதியைத் திருப்பிக் கொடுப்பான், பாதியைத் தானே வைத்துக்கொள்வான். சிரிக்கமாட்டான், அழமாட்டான், யாருக்கும் விளக்கம் சொல்லமாட்டான். புத்தகம் படித்தவர்கள் இவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். 22 நிமிட முதல் எபிசோடைப் பார்த்தவர்களோ "ஆள் மரக்கட்டை மாதிரி நிற்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துவிட்டார்கள். வசனத்தைக் கூட்டுவதா, நடிகரை மாற்றுவதா என்பது தம்பியின் கேள்வி. எபிசோடையும் பார்க்கக் கொடுத்திருந்தார், பார்த்தேன்.

இரண்டுமே வேண்டாம் என்பது என் பதில். கேள்வி வசனத்தைப் பற்றியது மாதிரி இருக்கிறது, ஆனால் தம்பியைக் குடைவது வேறு. தாளில் நிறைந்து கிடந்த அதே மௌனம் திரைக்கு வந்ததும் ஏன் காலியாகிப் போனது? அதற்குத்தான் பதில் தேட வேண்டும். நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் 22 வருடமாகப் படத்தொகுப்பு செய்கிறவன். தொலைக்காட்சி நாடகம், விளம்பரம், கல்யாண வீடியோ எல்லாம் வெட்டி ஒட்டியிருக்கிறேன். கதை எழுதினவன் இல்லை, பெரிய பட்ஜெட் தொடர் எதிலும் வேலை செய்ததும் இல்லை. அதனால் நான் சொல்வதெல்லாம் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து பார்த்தவனின் பேச்சு. நடிகரோ இயக்குநரோ வேறு மாதிரிச் சொல்லலாம்.

முதலில் தாளில் என்ன நடந்தது என்று பார்ப்போம். படக்கதையில் நேரம் படிக்கிறவரின் கையில் இருக்கிறது. உங்கள் புத்தகத்தில் அந்த முழுப்பக்கப் படம், பனிமூட்டத்துக்குள் லயத்தை, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளை, பார்த்தபடி அவன் நிற்கிறானே, அதில் ஒருத்தர் இரண்டு விநாடி நிற்பார், ஒருத்தர் ஒரு நிமிடம் நிற்பார். யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. அதோடு கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளை இடைவெளி இருக்கிறது. முதல் கட்டத்தில் கை ஓங்கியிருக்கிறது, அடுத்த கட்டத்தில் ஆள் கீழே கிடக்கிறான். அடித்ததை நீங்கள் வரையவில்லை, படித்தவர்தான் தன் மனதுக்குள் அடித்துக்கொண்டார். அவன் குரலையும் அவரே கொடுத்தார், அவன் மனதில் ஓடியதையும் அவரே நிரப்பினார். நான் சிறுவனாக இருந்தபோது அண்ணன் ஹட்டன் டவுனில் பழைய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் வாங்கி வருவான். இரும்புக்கை மாயாவிக்கு நாங்கள் இரண்டு பேரும் இரண்டு குரல் வைத்திருந்தோம், அதற்காகச் சண்டை கூடப் பிடித்திருக்கிறோம். ஒரு வார்த்தை பேசாத கட்டத்திலும் எங்கள் தலைக்குள் அவன் ஏதோ சொல்லிக்கொண்டேதான் இருந்தான்.

திரையில் இந்த வேலை முழுவதும் பார்ப்பவரிடம் இருந்து பிடுங்கப்படுகிறது. நேரத்தை எடிட்டர் முடிவு செய்கிறார், குரலை நடிகர் கொடுக்கிறார், அடி விழுவதைக் கெமரா காட்டிவிடுகிறது. பார்ப்பவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. உங்கள் எபிசோடில் அந்தப் பனிமூட்டப் படம் 40 விநாடி ஓடுகிறது. புத்தகத்தில் அந்த 40 விநாடியை வாசகர் விரும்பிக் கொடுத்தார். இங்கே நீங்கள் கேட்காமலே எடுத்துக்கொண்டீர்கள். ஆகவே படக்கதையில் வாசகர் செய்த வேலையைத் திரையில் பார்ப்பவருக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குள் அடங்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் கண்டுபிடித்த வழி பின்னணிக் குரல். புத்தகத்தில் கட்டத்தின் மூலையில் இருந்த பெட்டி வாசகங்களை அப்படியே நடிகரை வாசிக்க வைத்திருக்கிறீர்கள். எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான், எல்லோருக்கும் இது சறுக்குகிறது. "இந்த மலையில் யாரும் யாரையும் நம்புவதில்லை" என்று தாளில் படிக்கும்போது அது அவன் யோசனை. காதில் கேட்கும்போது அது அவன் பேச்சு. வாயை மூடிக்கொண்டு காது முழுக்கப் பேசுகிறவனை யாரும் அழுத்தக்காரன் என்று நம்பமாட்டார்கள், அலட்டுகிறவன் என்றுதான் நினைப்பார்கள். பின்னணிக் குரல் வேலை செய்கிற ஓர் இடம் உண்டு. குரல் சொல்வதும் படம் காட்டுவதும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கும் இடம். "நான் நிம்மதியாகத் தூங்கினேன்" என்கிறது குரல், படத்தில் விடியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். அங்கே பார்ப்பவருக்கு வேலை வந்துவிட்டது, இரண்டில் எது பொய் என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் எபிசோடில் அப்படி ஒரு இடமும் இல்லை. குரலை முழுவதுமாக எடுத்துவிடுங்கள்.

சரி, குரலும் இல்லை, வசனமும் இல்லை என்றால் மௌனத்தை எதால் நிரப்புவது? என் தொழிலில் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. சுமார் நூறு வருடத்துக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்கிற இயக்குநர், மொஸ்ஜூகின் என்ற நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தை எடுத்து ஒரு தரம் சூப் கிண்ணத்தோடும், ஒரு தரம் சவப்பெட்டியோடும் சேர்த்து ஒட்டினார் என்றும், பார்த்தவர்கள் "பசியை எப்படி நடிக்கிறார், துக்கத்தை எப்படி நடிக்கிறார்" என்று வியந்தார்கள் என்றும் சொல்வார்கள். முகம் ஒன்றுதான், பக்கத்தில் வைத்ததுதான் மாறியது. இந்தக் கதையைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் துண்டுப் படம் இன்று இல்லை, அதில் என்னென்ன காட்சி இருந்தது என்பதிலேயே ஆளுக்கொரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். பிற்காலத்தில் இதைத் திரும்பச் செய்து பார்த்த ஆராய்ச்சியாளர்களில் சிலருக்கு அந்த விளைவு கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. அதனால் வெறும் முகத்தை எதோடு ஒட்டினாலும் உணர்ச்சி வந்துவிடும் என்று நம்பி இறங்காதீர்கள்.

எனக்குச் சந்தேகமே இல்லாத ஒன்றை என் மேசையில் பார்த்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு நாடகத்தில் ஒரு காட்சி. மகள் சவூதிக்குப் போகிறாள், அப்பா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், ஒரு சொல் இல்லை. நான் முதலில் அப்பாவின் முகத்தை வைத்தேன், பிறகு மகள் பெட்டி கட்டுவதை வைத்தேன். தயாரிப்பாளர் "செத்த ஷாட், வெட்டு" என்றார். வெட்ட மனசில்லாமல் வரிசையை மட்டும் மாற்றினேன். மகள் பெட்டி கட்டும்போது, அப்பாவின் பழைய பனியனை யாருக்கும் தெரியாமல் உடுப்புகளுக்கு அடியில் வைக்கிறாள். அதை முதலில் காட்டி, அதற்குப் பிறகு அப்பாவின் முகம். அதே ஷாட், ஒரு பிரேம் கூட மாறவில்லை. பார்த்துக்கொண்டிருந்த தேத்தண்ணி கொண்டுவரும் பொடியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். பனியன் விஷயம் அப்பாவுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அவர் சொல்லாமல் வைத்திருப்பது என்ன என்பதும் நமக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் சும்மா இருப்பதே பெரிய காட்சியாகிவிடுகிறது.

உங்கள் எபிசோடில் நடந்தது இதற்கு நேர்மாறு. அவன் எதை அடக்கிக்கொண்டு நிற்கிறான் என்பதைக் கடைசிவரை மறைத்து வைத்தால் மர்மமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். மர்மம் வேறு, வெறுமை வேறு. ஒருவன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்றால், உள்ளே ஏதாவது இருக்கிறது என்பதற்குப் பார்ப்பவரிடம் ஒரு அத்தாட்சியாவது இருக்க வேண்டும். முழுக் கதையும் வேண்டாம், ஒரு நுனி போதும். அந்த நுனியை அவனைச் சுற்றி இருப்பவர்கள் பார்க்கக்கூடாது, நாம் பார்க்க வேண்டும். அவர்களை விட நமக்கு ஒரு படி கூடத் தெரியும் என்கிற அந்த நிலை வந்துவிட்டால், எவ்வளவு அழுத்தக்காரனாக இருந்தாலும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அமெரிக்கப் படக்கதைகளில் இருந்து தொலைக்காட்சிக்குப் போனவர்களில் பனிஷர் இதற்கு நல்ல உதாரணம். 1974இல் ஸ்பைடர்மேன் கதை ஒன்றில் எதிராளியாக வந்தவன். குடும்பத்தைப் பறிகொடுத்த முன்னாள் படைவீரன், கண்ணில் படும் குற்றவாளிகளைச் சுட்டுத்தள்ளுகிறவன். புத்தகத்தில் அவன் நாட்குறிப்பு பெட்டி வாசகமாக ஓடும். 2016இல் டேர்டெவில் தொடரின் இரண்டாவது பருவத்தில் அவனைக் கொண்டுவந்தபோது அந்த நாட்குறிப்பை வாசிக்க வைக்கவில்லை. முதல் எபிசோடில் அவன் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. நான்காவதில் அவனைக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்கிறார்கள், அசையமாட்டான். அப்புறம் அவன் வைத்திருந்த நாயைக் கொல்லப் போவதாக மிரட்டுகிறார்கள், அப்போதுதான் வாயைத் திறக்கிறான். தன் உடம்புக்கு அசையாதவன் ஒரு நாய்க்கு அசைகிறான். பார்ப்பவர் கையில் நுனி கிடைத்துவிட்டது. அதே எபிசோடின் முடிவில் கல்லறை ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு நீளமாகப் பேசுகிறான். போர் முடிந்து வீடு திரும்பிய இரவு மகள் கதைப் புத்தகம் வாசிக்கச் சொன்னாள், களைப்பாக இருக்கிறது, நாளைக்கு என்று சொன்னேன் என்று. அந்த நாளை வரவில்லை. அவ்வளவு நேரம் வாயைக் கட்டியிருந்ததால்தான் அந்தப் பேச்சுக்கு அவ்வளவு பாரம். முதல் எபிசோடிலேயே அதைச் சொல்லியிருந்தால் வழக்கமான சோகக் கதையாகப் போயிருக்கும். உங்களிடம் எட்டு எபிசோட் இருக்கிறது. அவன் நீளமாகப் பேசுவது ஒரே ஒரு தரமாக இருக்கட்டும், ஐந்திலோ ஆறிலோ. அதுவரை ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு நுனி.

இதையெல்லாம் அமெரிக்காவில் இருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இல்லை. மாசியில் உங்கள் தோட்டத்திலும் காமன் கூத்து ஆடியிருப்பார்கள். அங்கே சிவன் என்ன செய்கிறார்? தவத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். ஆட்டம் முழுவதும் மற்றவர்களுடையது. தவத்தைக் கலைக்கப் போகாதே, எனக்குக் கெட்ட கனவு வந்தது என்று ரதி மதனின் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறாள். அவன் கேட்காமல் போகிறான். கூட்டத்தில் இருக்கும் சின்னப் பிள்ளைக்குக் கூட அந்தக் கண் திறக்கும், மதன் எரிவான் என்று தெரியும். தெரிந்துதான் விடிய விடியப் பனியில் உட்கார்ந்திருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த ஆளை நாம் பார்ப்பது ரதியின் பயத்தின் வழியாக. என் அப்பா அந்தக் கூத்துக்குத் தப்பு மேளம் அடித்தவர். சிவன் வேஷக்காரனுக்குத்தான் வேலை குறைவு, ஆனால் அவனை மறந்துவிட்டுக் கூட்டத்தால் மூச்சு விட முடியாது என்பார். அருச்சுனன் தபசு கூத்தில் இதற்கு வேறு மாதிரி ஒரு விடை இருக்கிறது. அங்கே தவசி சும்மா உட்கார்ந்திருப்பதில்லை, ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே மரத்தில் ஏறுகிறான். விழுந்துவிடுவானோ என்று நாம் அண்ணாந்து பார்க்கிறோம். பாட்டை எடுத்துவிட்டாலும் அந்த ஏற்றம் நம்மை விடாது.

ரதி மாதிரி ஒருத்தர் உங்கள் தொடருக்கு வேண்டும். கல்லாக இருப்பவனுக்குப் பக்கத்தில் கல்லாக இல்லாத ஒருத்தர். ஜப்பானியப் படக்கதையான லோன் வுல்ஃப் அண்ட் கப், 1970இல் தொடங்கி 1976 வரை வந்தது. அதில் ஓகாமி இட்டோ என்கிற கூலிக் கொலைகாரன், தன் சின்ன மகன் டைகோரோவை மரவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஊர் ஊராகப் போகிறான். 1973இல் அது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. தகப்பன் முகத்தில் ஒன்றும் தெரியாது, பிள்ளையின் கண்ணில் எல்லாம் தெரியும். தொடக்கத்தில் ஒரு கட்டம் வரும். பேச்சு வராத வயதுப் பிள்ளை முன்னால் ஒரு பந்தையும் வாளையும் வைக்கிறான் தகப்பன். பந்தை எடுத்தால் இறந்துபோன தாயிடம் அனுப்பிவிடுவான், வாளை எடுத்தால் தன்னோடு இந்தப் பாழ்வழியில் வரலாம். இதைவிடக் கொடூரமான பாசத்தை நான் பார்த்ததில்லை. அவன் நல்லவனா என்று கேட்கத் தோன்றுவதே இல்லை, அடுத்து என்ன ஆகும் என்றுதான் கேட்கிறோம்.

அமெரிக்காவில் கிரீன் ஆரோ என்கிற படக்கதை வில்லாளியை வைத்து ஆரோ என்ற தொடர் 2012இல் வந்தது. படக்கதையில் அந்த வில்லாளி வாயாடி. தொடரில் அவனை இறுக்கமான ஆளாக மாற்றினார்கள், கொஞ்சம் அளவுக்கு மீறியே இறுக்கினார்கள் என்பது என் எண்ணம். மூன்றாவது எபிசோடில் ஒரே ஒரு தடவைக்கு என்று ஃபெலிசிட்டி என்கிற கணினிக்காரப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வாய் ஓயாமல் உளறுகிறவள். அவள் முன்னால் நின்றபோது அவன் முகத்தில் ஒரு கீற்று வெளிச்சம் வந்தது, அவளை விடாமல் வைத்துக்கொண்டார்கள், கடைசியில் தொடரின் முக்கிய ஆளாகிவிட்டாள். 2017இல் பனிஷருக்குத் தனித் தொடர் வந்தபோதும் இதே தந்திரம்தான். அவனுடைய கூட்டாளி செத்துவிட்டான் என்று நம்பிக்கொண்டிருக்கும் மனைவியையும் பிள்ளைகளையும் கதைக்குள் கொண்டுவந்து, பனிஷரை அந்த வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். தன் குடும்பத்தை இழந்தவன், இன்னொருத்தனுடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அவன் அங்கே என்ன பேசினாலும் பேசாவிட்டாலும் நமக்குத் தொண்டை அடைக்கிறது.

உங்கள் புத்தகத்தில் அப்படி ஒருத்தி ஏற்கெனவே இருக்கிறாள், நீங்கள் கவனிக்கவில்லை. அவனுடைய அக்கா மகள், பள்ளிக்கூட யூனிபோமோடு மூன்று கட்டத்தில் மட்டும் வருகிறாளே, அவள்தான். எபிசோடில் அவளை வெட்டியே விட்டீர்கள். அவளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அவள் நிறையக் கேட்கட்டும். "மாமா, ராத்திரி எங்க போன? மாமா, கையில என்ன காயம்? மாமா, நீ ஏன் அந்தக் கடைப் பக்கம் போறதில்ல?" அவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு கேள்வியும் பார்ப்பவருக்கு ஒரு நுனி. சில நேரம் அவள் தவறாகப் புரிந்துகொள்ளட்டும், அவன் திருத்தாமல் விடட்டும். ஏன் திருத்தவில்லை என்று நாம் யோசிப்போம். ஆனால் அவளை வெறும் கண்ணீர் பிழியும் பிள்ளையாக ஆக்கிவிடாதீர்கள். அவளுக்கும் ஒரு ஆசை, ஒரு பிடிவாதம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மரக்கட்டைக்குப் பக்கத்தில் ஒரு பொம்மை, அவ்வளவுதான் மிச்சம்.

அடுத்தது கை. உங்கள் ஆள் கவ்வாத்துக்காரன் என்பது எவ்வளவு பெரிய கொடை என்று தெரியுமா? எபிசோடில் அவன் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கிறான், தீட்டுகிறான், ஒரு தடவை கூட வெட்டவில்லை. கவ்வாத்து வெட்டு சாய்வாக, வழுவழுப்பாக விழ வேண்டும். பிசிறு அடித்தால் வெட்டில் தண்ணீர் தேங்கிக் கொப்பு அழுகும். தேர்ந்த ஆள் ஒரே இழுப்பில் முடித்துவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவான். முதல் எபிசோடில் இதை ஒரு முழு நிமிடம் காட்டுங்கள். பத்துச் செடி, பத்தும் ஒரே மாதிரி. பக்கத்தில் ஒரு புதுப்பையன் பிசிறு அடிக்க, இவன் ஒன்றும் சொல்லாமல் அந்தக் கொப்பைத் திரும்ப வெட்டிவிடட்டும். எந்த விளக்கமும் இல்லாமல் அவன் எப்படிப்பட்டவன் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும், எது சரியான வெட்டு என்பதும் தெரிந்துவிடும். நான்காவது எபிசோடில், புரோக்கர் விஷயம் கெட்டுப்போன மறுநாள் காலை, அவன் வெட்டுவது பிசிறு அடிக்கட்டும். ஒரே ஒரு கொப்பு. முகத்தைக் காட்டவே வேண்டாம். உடைந்துவிட்டான் என்று லயத்துக்கே தெரியாது, உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியும். சாயந்தரம் விறகுக்கு மிளாறு கட்டிக்கொண்டு போகும் கிழவி ஒருத்தி அந்தக் கொப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கட்டுக்குள் வைக்கலாம். இது கொஞ்சம் கூடிப்போய்விடுமோ என்று எனக்கே சந்தேகம்தான், எடுத்துப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

இனி அந்தப் பாதிப் பணம். இதில் எனக்கு உங்களோடு சண்டை இருக்கிறது. எட்டாவது எபிசோடில் அந்தப் பணமெல்லாம் அநாதைப் பிள்ளைகளுக்குப் போனதாகக் காட்டப்போகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். எதிர்நாயகனை, அதாவது நல்லவன் என்று சொல்ல முடியாத நாயகனை, பார்ப்பவர் பொறுத்துக்கொள்ளமாட்டார் என்று பயந்து கடைசியில் அவனைக் குளிப்பாட்டி விபூதி பூசி நிறுத்துவது நம் நாடகங்களின் பழைய வியாதி. அவன் அந்தப் பாதியைத் தனக்குத்தான் எடுக்கிறான். ஏன் எடுக்கிறான் என்பதற்கு ஒரு காரணம் இருக்கலாம், அது அவனைச் சுத்தமாக்கும் காரணமாக இருக்கக் கூடாது. காதுத் தோட்டை அடகு வைத்துப் புரோக்கருக்குக் கொடுத்த பெண் ஒருத்தி, பாதிப் பணம் மட்டும் கையில் வாங்கிக்கொண்டு நிற்கிறாள். மீதியால்தான் தோட்டை மீட்க வேண்டும். அவனிடம் கேட்க அவளுக்குப் பயம். அவன் அவள் காதைப் பார்க்கிறான், திரும்பிப் போய்விடுகிறான். அந்த இடத்தில் அவனை எனக்குப் பிடிக்காது, ஆனால் அடுத்த எபிசோடைக் கட்டாயம் பார்ப்பேன். விறுவிறுப்பு என்று நீங்கள் தேடுவது அங்கேதான் கிடக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆளைக் கவர்ச்சியாகச் செய்து முடித்த பிறகு, பார்ப்பவர் அவனைக் கும்பிட ஆரம்பித்தால் என்ன செய்வது? பனிஷருக்கு அது நடந்தது. அவன் நெஞ்சில் இருக்கும் மண்டையோட்டுச் சின்னத்தை அமெரிக்காவில் பொலிஸ்காரர்களும் படைவீரர்களும் தங்கள் வாகனங்களில் ஒட்டிக்கொண்டார்கள். அவனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெரி கொன்வே அதை வெளிப்படையாகக் கண்டித்தார். 2019இல் வந்த ஒரு இதழில் பனிஷரே அந்த ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டு, என்னைப் பின்பற்றாதீர்கள் என்று பொலிஸ்காரர்களிடம் சொல்வதாக எழுத வேண்டி வந்தது. ஒரு தொடரைப் பார்த்து ஆட்கள் உண்மையிலேயே மாறுகிறார்களா என்பது வேறு விவாதம், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் நம் இடத்தில் ஒரு வட்டிக்காரன் இரவில் அடிபட்டால் காலையில் பொலிஸ் எங்கே வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? லயத்துக்குத்தான் வரும். அவன் செய்ததற்கு வேறு ஒருத்தன் மகன் ஜீப்பில் ஏறுவான். அதைக் காட்டுங்கள். அவன் கூட்டத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான், நான்தான் என்று சொன்னால் பையன் வெளியே வந்துவிடுவான், சொல்லவில்லை. இப்போது அவன் மௌனம் வெறும் சுபாவம் இல்லை, அவன் செய்கிற காரியம். எட்டு எபிசோடிலும் கனமான காட்சி இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நடிகரைப் பற்றி. உங்கள் பையன் மோசமான நடிகன் இல்லை, அவனுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் "இறுக்கமாக இரு" என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். இறுக்கமாக இரு என்றால் நடிகன் தாடையைக் கடித்துக்கொண்டு மூச்சை நிறுத்திவிடுவான், கண்ணும் செத்துப்போகும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு காட்சியிலும் அவனுக்கு ஒரு தேவையைக் கொடுங்கள். "இந்த ஆள் சீக்கிரம் போனால் தேவலை", "அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும், ஆனால் கேட்கமாட்டேன்", இப்படி. தேவை இருந்தால் கண் உயிரோடு இருக்கும், அடக்குவதற்கு ஏதோ இருக்கும். பதில் சொல்கிற இடத்தில் அரை விநாடி பிந்திச் சொல்லச் சொல்லுங்கள். அந்த அரை விநாடியில்தான் பார்ப்பவர் உள்ளே நுழைகிறார். சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு காட்சியைப் பாருங்கள், அவன் என்ன வேண்டி நிற்கிறான் என்று ஓரளவாவது தெரிகிறதா? தெரியவில்லை என்றால் வசனம் சேர்த்தும் பிரயோசனமில்லை.

இசை விஷயத்தில் எனக்கு உறுதியான பதில் இல்லை. உங்கள் எபிசோடில் வயலின் ரொம்ப அதிகம், எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்வேன். தப்பு ஓசையை ஒரு மலைக்கு அப்பால் இருந்து வருவது மாதிரி ஒரே ஒரு தரம் வைத்தால் போதும் என்று என் காது சொல்கிறது, அது என் அப்பாவின் மகனாக இருப்பதால் வரும் ஆசையாகவும் இருக்கலாம். பின்கதையும் அப்படித்தான். அவன் ஏன் இப்படி ஆனான் என்பதற்கு தோட்டத்து மக்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964 ஒப்பந்தத்தில் பாட்டி ஒரு பக்கமும் பிள்ளைகள் ஒரு பக்கமுமாகக் குடும்பம் பிரிந்ததை வைத்திருக்கிறீர்கள். உண்மையான காயம், எங்கள் வீட்டிலும் உண்டு, இந்தியாவுக்குப் போகத் தலைமன்னாருக்கு ரயில் ஏறியவர்களைப் பற்றி என் தாத்தா சாகும்வரை ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அதனாலேயே கேட்கிறேன், அதை மூன்று நிமிடக் கறுப்பு வெள்ளைக் காட்சியாக எடுத்து, ஆகவேதான் இவன் அடிக்கிறான் என்று கணக்கு முடித்துவிடாதீர்கள். டிரங்குப் பெட்டிக்குள் ஒரு பழைய தபால் உறை, இந்திய முத்திரையோடு, பிரிக்காமல் கிடக்கட்டும். அக்கா மகள் அதைக் கண்டுபிடிக்கட்டும், முத்திரைக்காகக் கேட்கட்டும். கொடுப்பானா மாட்டானா என்று ஒரு எபிசோட் முழுக்க இழுக்கலாம்.

கடைசியாக, முதல் எபிசோடுக்கு மட்டும் நான் மேசையில் உட்கார்ந்தால் செய்யப்போவது இது. பனிமூட்டத்தில் ஆரம்பிக்கமாட்டேன். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பிரட்டில் ஆரம்பிப்பேன், பேர் கூப்பிடுகிறார்கள், அவன் கையைத் தூக்குகிறான், குரல் கொடுப்பதில்லை, கணக்கப்பிள்ளைக்கு எரிச்சல். பிறகு கவ்வாத்து. பிறகு அக்கா மகளின் கேள்விகள். இரவு வட்டிக்காரன் வீட்டில் என்ன நடந்தது என்று காட்டமாட்டேன், கதவு சாத்துவதையும் விடியலில் அவன் பீலிக்கரையில் கை கழுவுவதையும் மட்டும் ஒட்டுவேன். நடுவில் நடந்ததைப் பார்ப்பவர் நிரப்பிக்கொள்ளட்டும், புத்தகத்தில் அந்த வெள்ளை இடைவெளி செய்த வேலை அதுதானே. அப்புறம் காதில் தோடு இல்லாத அந்தப் பெண்ணின் கையில் பாதிப் பணம். அதற்கும் பிறகுதான் உங்கள் முழுப்பக்கப் படம், பனிக்குள் அவன் லயத்தைப் பார்த்து நிற்பது, ஆறு விநாடி, முடிவு. வெட்டி முடித்ததும் படக்கதையைப் படிக்காத நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதில் ஒருவர் உங்கள் அம்மாவாக இருக்கட்டும். எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்காதீர்கள், மகன் எடுத்தது என்று நல்லதாகத்தான் சொல்வார். படம் ஓடும்போது எத்தனையாவது நிமிடத்தில் அடுப்பைப் பார்க்க எழும்பிப் போகிறார் என்று மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.